கனஅடியில் தொடங்கிப் பேருந்தில் முடிந்தது

அவையோருக்கு வணக்கம்.

2016 செப்டம்பர் 5. கர்நாடகம் பத்து நாளைக்கு விநாடிக்கு 15,000 கனஅடி காவிரி நீரைத் திறந்துவிட வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றம். 12-ஆம் தேதி அந்த அளவை 12,000 ஆகக் குறைத்து, 20-ஆம் தேதி வரை நீட்டிக்கிறது. அதே 12-ஆம் தேதி பெங்களூருவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனத்தின் பேருந்து நிறுத்துமிடத்தில் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் கொளுத்தப்பட்டன. கனஅடிக் கணக்குக்கும் அந்தப் பேருந்துகளுக்கும் என்ன சம்பந்தம்?

நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். காவிரிப் போராட்டத்தை ஆதரித்த கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து முகநூலில் பதிவு போட்டதற்காக, பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவரைச் சில இளைஞர்கள் பிடித்து அடித்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அதைப் படமும் பிடித்தார்கள். அந்தக் காட்சி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது 'சில இளைஞர்கள்' காணாமல் போய், 'கன்னடர்கள்' வந்துவிட்டார்கள். 12-ஆம் தேதி அதிகாலை மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில், கன்னடர்களுடையது என்று சொல்லப்பட்ட ஓர் ஓட்டல்மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. ராமேஸ்வரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டிகள் நொறுக்கப்பட்டன. அந்தக் காட்சிகளைக் கன்னடத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டின. அங்கே 'சிலர்' போய், 'தமிழர்கள்' ஆனார்கள். பிறகுதான் பேருந்துகள் எரிந்தன, பெங்களூருவில் 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு வந்தது.

இலங்கையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஹார்வர்டில் மானிடவியல் கற்பித்த ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா தெற்காசியக் கலவரங்களை ஆராய்ந்து, இதை இரண்டு அசைவுகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் ஓர் உள்ளூர்ச் சம்பவத்திலிருந்து அதன் விவரங்கள் உதிர்கின்றன: யார், எந்தத் தெரு, எதற்காக என்பதெல்லாம். உதிர்ந்த இடத்தில், ஏற்கெனவே இருக்கும் பெரிய பகை ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவது அசைவுக்குப் பழைய சரக்கு வேண்டும். காவிரியில் அது ஏராளமாக இருந்தது. 1991 டிசம்பரில் நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பையொட்டி பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு அங்கே திறக்கவிருந்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அதைத் திறந்தார்கள், நான்கு நாள் கழித்து நம் அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் ஏழே ஆண்டில் பேருந்துகள் எரிந்ததையும் சேர்த்துத்தான் சிலைகளின் பலனை மதிப்பிட வேண்டும்.

தண்ணீர் யாருக்கு உயிரோ அவர்கள் இதில் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். 2003-இல் அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் கூடிப் பேசி, 'காவிரிக் குடும்பம்' என்ற குழுவை அமைத்தார்கள். ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டுக்கு அவர்களால் தீர்வு காண முடியவில்லை, உண்மைதான். ஆனால் அவர்கள் பேச்சு விதைப்பு, அணை இருப்பு, பற்றாக்குறை ஆண்டு என்று தண்ணீரிலேயே நின்றது. என் கணிப்பில், ஆற்றிலிருந்து விலகி நிற்பவனுக்குத்தான் 'அவனுங்க' என்ற சொல் எளிதாக வாயில் வருகிறது.

அரசியல் மோதல் வெறுப்பைப் புதிதாக உற்பத்தி செய்வதில்லை, அதன் விலையைக் குறைக்கிறது. சென்னையில் 'வடக்கன்' என்ற சொல்லும் அதோடு வரும் பானிபூரிக் கேலியும் புதியவை அல்ல. சாதாரண நாளில் அலுவலகத்தில் யாராவது சொன்னால் பக்கத்து மேசைக்காரர் முகம் சுளிப்பார். மோதல் நாளில் கைதட்டல் கிடைக்கும். முகம் சுளித்தவர் வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் இப்போது பேசினால் துரோகி. ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல் நாய்மன் 1974-இல் விளக்கிய மௌனச் சுழல் இதுதான். மிதமானவர்கள் குறைந்துவிடவில்லை, அவர்கள் சத்தம்தான் குறைந்திருக்கிறது.

2023 மார்ச்சில் இது எதிர்த்திசையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று, தொடர்பில்லாத பழைய காணொளிகள் பரவின. பீகாரின் அப்போதைய துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் மார்ச் 1 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலினின் பிறந்தநாள் விழாவுக்குச் சென்னை வந்திருந்தார், அதனால் பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்கு வதந்தி கைகொடுத்தது. தமிழர்களுக்கு இந்தி பேசுபவரைக் கண்டால் ஆகாது என்ற பழைய நினைப்பு அங்கே தயாராக இருந்தது. மார்ச் 8 ஹோலி. ஆண்டுதோறும் ஊருக்குப் போகும் கூட்டத்தால் நிரம்பிய ரயில் பெட்டிகளே தப்பி ஓடுவதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. மறுப்பு சொன்னவர் டி.ஜி.பி. சைலேந்திரபாபு. பீகார் அரசும் அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அந்தக் குழு வந்தது முக்கியம் என்று நினைக்கிறேன். பயந்தவனுக்கு அவன் ஊர் அதிகாரி சொல்வதும் நம் ஊர் அதிகாரி சொல்வதும் ஒன்றல்ல.

மறுப்புகள் ஏன் தோற்கின்றன? பெரும்பாலும் வதந்தியையே தலைப்பாக்கி, கீழே சின்ன எழுத்தில் 'பொய்' என்று போடுகிறோம். தலைப்புதான் மனதில் தங்கும். உண்மையை முதலில் வையுங்கள்: இந்தக் காட்சி எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன தகராறு. பிறகு ஒரே ஒரு முறை வதந்தியைச் சொல்லுங்கள். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகையின் மொழி, வண்டியின் பதிவெண், காவலர் சீருடை, ஆட்கள் பேசும் பேச்சு, இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். தெளிவான ஒரு சட்டகத்தைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், முன்பே வெளியான காட்சி என்றால் பல நேரம் மூலம் கிடைத்துவிடும். சம்பவம் உண்மையாகவே நடந்திருந்தால் மறுக்காதீர்கள், உதிர்ந்த விவரத்தைத் திரும்ப ஒட்டுங்கள்: எத்தனை பேர், யார்மீது வழக்கு, அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது யார்.

வாட்ஸ்அப் 2018-லேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. அது வேகத்தைத்தான் குறைக்கும், குடியிருப்புக் குழுவில் ஏற்கெனவே வந்து விழுந்ததை எடுக்காது. அங்கே நிர்வாகி செய்யக்கூடியது, அனுப்பியவரைக் குழுவில் அவமானப்படுத்தாமல் தனியாக அழைத்துப் பேசி, அவரையே நீக்கச் சொல்வது. கட்டுமான இடம் என்றால் அன்று மாலையே, கூலி கொடுக்கும் நேரத்தில், வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் இந்தியிலோ வங்காளியிலோ ஒடியாவிலோ பேச வேண்டும். ஒப்பந்தக்காரரைப் பேச வைப்பதைவிட, அவர்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த மேஸ்திரியைப் பேச வையுங்கள். பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் வீட்டுக்கு போன் போட நேரம் கொடுங்கள். பயம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.