பணம் அனுப்புகிறவருக்கா தலைமை?

நடுவர் அவர்களே, ரங்கூன் தமிழ்ச் சபைகளின் பெரியவர்களே, வணக்கம். கூட்டு ஊழியத்தில் தலைமை யாருக்கு, பணமும் ஆளும் அனுப்பும் வெளிநாட்டுச் சபைக்கா, ஊழியம் நடக்கும் மண்ணின் சபைக்கா என்பது தலைப்பு. மண்ணின் சபைக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னார்? பணமும் அனுபவமும் வெளியிலிருந்து வரும்போது தலைமையும் அங்கேதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊழியம் படுத்துவிடும் என்றார். அண்ணே, அதை நம் பர்மாவே சோதித்துப் பார்த்துவிட்டதே! 1965-ல் மிஷன் பள்ளிகள் அரசுடைமை ஆயின. 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகளில் பெரும்பாலோரை ஜெனரல் நே வின்னின் ராணுவ அரசு மூட்டை கட்டச் சொன்னது. ஆளும் போச்சு, பணமும் போச்சு. அண்ணன் கணக்குப்படி நம் ஆலயங்களுக்குப் பூட்டுத் தொங்கியிருக்க வேண்டும். ஆனால் 1970-களின் கடைசியில் நம் வடக்கே உள்ள கச்சின் இன பாப்டிஸ்ட் சபையார் 300 தொண்டர்களை மூன்று வருஷ ஊழியத்துக்கு அனுப்பினார்கள். யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை.

அதற்கும் முந்திய கதை ஒன்று. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 ஆகிவிட்டது. இந்நாட்டுக் கரேன் இன மக்களிடம் சுவிசேஷம் காட்டுத்தீயாகப் பரவியது, 1828-ல் ஞானஸ்நானம் பெற்ற கோ தா பியூ என்ற கரேன்காரர் ஊர் ஊராக நடந்த பிறகுதான். அவர் முன்னாள் கொள்ளைக்காரர், கடனுக்கு அடிமையாகக் கிடந்தவர். அண்ணன் கேட்கிற தகுதி எதுவும் அவரிடம் இல்லை.

"அசரியா தமிழர்தானே, தெலுங்கு நாட்டில் பேராயர் ஆகவில்லையா?" என்று மடக்கினார்கள். நல்ல கேள்வி, நடுவரே சிரிக்கிறார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். ஆசியர் இருபது பேர்கூட இல்லை. அங்கே எழுந்து, உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இனி நட்பைக் கொடுங்கள் என்று கேட்டவர் இந்த அசரியாதான், தமிழ்நாட்டு வெள்ளாளன்விளைக்காரர். இரண்டு வருஷத்தில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் பேராயர். அங்கே போய் என்ன செய்தார்? தெலுங்கு கற்றார். தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்தே குருமார்களை எழுப்பினார். 1939-ல் பிரதிஷ்டையான அவருடைய பேராலயத்தைப் பாருங்கள், இந்துக் கோயில் தூணும் இருக்கும், மசூதிக் கும்மட்டமும் இருக்கும். வெளியாள் வரலாம், ஆனால் இப்படி வர வேண்டும். அவரை எதிரணி மேற்கோள் காட்டியதற்கு நன்றி. நாங்களே காட்டலாம் என்றிருந்தோம்.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உதவி வந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? வரட்டும். பைசா விடாமல் கணக்கும் கேட்கட்டும். காட்டாத போதகரை நானே கேள்வி கேட்பேன். ஆனால் நம் பிள்ளைகள் சண்டை போடுவது பர்மிய மொழியில், கனவு காண்பதும் அதில்தான். ஞாயிறு ஆராதனை தமிழில் மட்டுமா, பர்மிய மொழியிலும் நடக்கட்டுமா? இதைச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து யார் முடிவு செய்வது? எதிரணியில் அடுத்துப் பேசும் தங்கை இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். மணி அடித்துவிட்டார்கள், வணக்கம்.