ஒரு போதைக்கு இன்னொரு போதையா? ப்யூப்ரெனார்ஃபின்னு ஒரு மாத்திரையோட கதை

[திரையில்: டீக்கடை, மடிச்ச பேப்பர்]

வணக்கம் மக்களே. போன வாரம் டீக்கடைல நின்னுட்டு இருந்தேன், பக்கத்துல பேப்பர் படிச்சிட்டு இருந்த அண்ணன் ஒருத்தர் சட்டுனு சொன்னாரு, "வலி மாத்திரைய தண்ணில கரைச்சு ஊசியா ஏத்திக்கிட்ட பசங்கள புடிச்சிருக்காங்கப்பா, இவனுங்கள ஒரு ரூம்ல போட்டு பத்து நாள் பூட்டி வச்சா தன்னால தெளிஞ்சிருவானுங்க"ன்னு. நான் சும்மா இருக்காம, "இல்லண்ணே, இதுக்கு தினமும் சாப்பிடற மாத்திரை இருக்கு, அதுவும் அதே ஓபியாய்டு குடும்பத்து மருந்துதான், அதாவது ஹெராயின், மார்ஃபின் மாதிரி போதை தர்ற வலி மருந்துங்க குடும்பம்"னேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, "சாராயத்துக்கு பிராந்தி குடுத்து வைத்தியமா?"ன்னு கேட்டாரு. நல்ல கேள்விங்க, நிறைய டாக்டர்ங்களே வருஷக்கணக்குல கேட்ட கேள்விதான் இது. அதுக்கான பதில்தான் இந்த வீடியோ.

[திரையில்: ஸ்டாக்ஹோம், 2003]

முதல்ல ஸ்வீடனுக்கு போலாம். ஹெராயினுக்கு அடிமையான 40 பேர வச்சு அங்க ஒரு ஆய்வு பண்ணாங்க, 2003ல வெளியாச்சு. 20 பேருக்கு தினமும் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரை, ஒரு வருஷம் முழுக்க. மீதி 20 பேருக்கு அதே மருந்த 6 நாள் மட்டும் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திட்டு, அப்புறம் வெறும் டம்மி மாத்திரை. கவுன்சிலிங் எல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதுல குறை வைக்கல. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா, மருந்து தொடர்ந்த குரூப்ல 75 சதவீதம் பேர் சிகிச்சைலயே இருக்காங்க. டம்மி குரூப்ல ஒருத்தர் கூட மிச்சம் இல்ல. அதுலயும் 4 பேர் செத்தே போயிட்டாங்க. இருபதுல நாலு! மருந்து குரூப்ல சாவு இல்ல. நம்ம அண்ணன் சொன்ன "பத்து நாள்ல தெளிஞ்சிருவான்" வைத்தியத்துக்கு கிட்டத்தட்ட இதுதான் பரிட்சை, ரிசல்ட்ட நீங்களே பாத்துக்கோங்க.

சரி, நிறுத்தினா ஏன் சாகறாங்க? ஓபியாய்டு கொல்றது மூச்ச அமுக்கித்தான். மூளையோட அடிப்பக்கம் மூச்ச நடத்தற இடம் ஒண்ணு இருக்கு, டோஸ் ஏற ஏற அது தூங்கிப் போயிடும். தினமும் எடுக்கறவங்க உடம்பு இதுக்கு கொஞ்சம் கொஞ்சமா பழகிடுது, அதனாலதான் நமக்கு ஆள காலி பண்ற அளவு அவங்களுக்கு சாதாரணமா இருக்கும். ஆனா நிறுத்திட்டா அந்த பழக்கம் சில வாரத்துலயே கரைஞ்சு போயிடும், ஆசை மட்டும் போகாது. வெளிய வர்றான், பழைய கூட்டாளி, பழைய அளவு, அவ்ளோதான். அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல சிறைலேருந்து விடுதலையான 30,000க்கும் மேல பேர கணக்கெடுத்து 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, வெளிய வந்த முதல் 2 வாரத்துல போதை மருந்து அளவு மீறி சாகற வாய்ப்பு மத்த ஜனங்கள விட 129 மடங்கு. பூட்டி வச்சு அனுப்பறதோட ஆபத்து என்னன்னு இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

[திரையில்: டவுன் பஸ், ஜன்னல் வழியா துண்டு பறக்குது]

இப்ப மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கலாம், எனக்கு ரொம்ப புடிச்ச பார்ட் இது. மூளைல ஓபியாய்டு வந்து உக்கார்ற இடங்கள டவுன் பஸ் சீட்டுன்னு வச்சுக்கோங்க. ஹெராயின், மார்ஃபின் எல்லாம் ஏறி உக்காந்து பாட்டு போட்டு ஆட்டம் போடற கோஷ்டி, கூட்டம் கூட கூட பஸ்ஸே கவுந்துரும். ப்யூப்ரெனார்ஃபின் யாருன்னா ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிற ஆளு. உக்காந்துட்டா எழுப்பவே முடியாது, ஒரு நாளைக்கு மேல கூட அங்கயே இருக்கும், ஆனா சத்தம் போடாது. உடம்பு நடுக்கம், வாந்தி, எலும்பு வலி எல்லாம் வராத அளவுக்கு மட்டும் வேலை செய்யும், ஒரு அளவுக்கு மேல எவ்ளோ சாப்பிட்டாலும் எஃபெக்ட் ஏறாது. நடுவுல ஹெராயின் எடுத்தாலும் உக்கார சீட்டு பெருசா கிடைக்காது. ஆனா ஒண்ணு, ஆட்டக் கோஷ்டி உள்ள இருக்கும்போதே இவர் ஏறினா அவங்கள ஒரே நேரத்துல கீழ தள்ளி விட்டுருவாரு, ஆளு துடிச்சுப் போயிடுவான். அதனாலதான் நடுக்கம் ஆரம்பிக்கற வரைக்கும் காத்திருந்து டாக்டர் முதல் டோஸ் குடுப்பாரு. இதோட சாராயமோ தூக்க மாத்திரையோ சேந்தா மூச்சு நின்னு போகலாம், அதையும் சொல்லிடறேன்.

நலாக்ஸோன்னு இன்னொரு மருந்து இருக்கு, அது செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி. ஏறுச்சுன்னா எல்லாரையும் இறக்கி விட்டுரும், நின்னு போற மூச்சு திரும்ப வரும். ஆனா 30லேருந்து 90 நிமிஷத்துல அவரு இறங்கிப் போயிடுவாரு, பழைய கோஷ்டி மறுபடி ஏறிக்கும். அதனால ஆளு எழுந்து உக்காந்துட்டான்னு ஆஸ்பத்திரிக்கு போகாம விட்டுரக் கூடாது.

ஒரு நாடே இத முயற்சி பண்ணி பாத்துருக்கு. பிரான்ஸ்ல ஹெராயினும் எய்ட்ஸும் சேந்து ஆள தின்னுட்டு இருந்த காலம், 1995ல தெருமுனை பொது மருத்துவர் கூட ப்யூப்ரெனார்ஃபின் எழுதலாம்னு திறந்து விட்டாங்க, ஸ்பெஷல் லைசென்ஸ் எதுவும் வேணாம்னு. 1999க்குள்ள ஓபியாய்டு ஓவர்டோஸ் சாவு 79 சதவீதம் குறைஞ்சுது. சும்மா புகழ்ந்துட்டு போகல, மாத்திரைய கரைச்சு ஊசி போட்டவங்களும், வெளிய வித்தவங்களும் அங்க இருந்தாங்க. ஆனாலும் எண்ணிக்கை அவ்ளோ இறங்குச்சு.

அமெரிக்கா இதுக்கு நேர் தலைகீழ். அடிமைத்தனம் வர்ற ஆபத்த மறைச்சு வித்தோம்னு பர்டூ கம்பெனி 2007ல கோர்ட்ல ஒத்துக்கிட்ட ஆக்ஸிகான்டின் வலி மாத்திரைய சாதாரண டாக்டரே எழுதலாம், ஆனா அதுக்கு அடிமையானவன காப்பாத்தற ப்யூப்ரெனார்ஃபின எழுத தனி அனுமதி வாங்கணும், ஆரம்பத்துல ஒரு டாக்டருக்கு 30 நோயாளிதான். அந்த தனி அனுமதிய 2022 கடைசிலதான் தூக்குனாங்க. அதுக்குள்ள ஃபென்டனில்ங்கற ஹெராயின விட பல மடங்கு வீரியமான ஓபியாய்டு வந்து, எல்லா போதையும் சேத்து ஒரே வருஷத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல செத்தாச்சு.

[திரையில்: இந்தியா]

நம்ம ஊரு பக்கம் வருவோம். 2019ல மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வுப்படி இந்தியால ஓபியாய்டு எடுக்கறவங்க சுமார் 2.26 கோடி, அதுல உதவி தேவைப்படறவங்க சுமார் 77 லட்சம். தமிழ்நாட்டுல அடிக்கடி பேப்பர்ல வர்றது டேபென்டடால்ங்கற வலி மாத்திரை, கரைச்சு ஊசியா போடறாங்க. வாய்ல போட செஞ்ச மாத்திரைல இருக்கற மாவு, பவுடர் எல்லாம் நரம்புல போய் அடைக்கும், சீழ் கட்டும், ஊசி கை மாறினா எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. எச்ஐவிய தடுக்கத்தான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஓஎஸ்டி சென்டர்கள, அதாவது போதைக்கு பதிலா மாற்று மருந்து குடுக்கற இடங்கள ஆரம்பிச்சுது. ஊசி போடறவங்க அங்க போனா ப்யூப்ரெனார்ஃபின நாக்கு அடில வச்சு பெரும்பாலும் நர்ஸ் முன்னாடியே கரைக்க சொல்வாங்க, காசு கிடையாது. வேலைக்கு போற ஆளுக்கு தினமும் வந்து நிக்கறது கஷ்டம்தான், அது எனக்கும் குறையாத்தான் படுது.

உங்க வீட்டுல யாராவது இப்படி இருந்தா, ஆளு எழுப்பினாலும் எழுந்துக்கல, மூச்சு ரொம்ப மெதுவா வருது, உதடு நீலமாகுது, கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்குன்னா உடனே 108, போலீஸ் வருமோன்னு பயந்து மூஞ்சில தண்ணி ஊத்திட்டு உக்காந்துராதீங்க. சிகிச்சைக்கு 14446 அரசு ஹெல்ப்லைன் இருக்கு. மறுவாழ்வு மையம் எதுக்கு போனாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "ப்யூப்ரெனார்ஃபின் குடுப்பீங்களா, வீட்டுக்கு அனுப்பின பிறகு அத யாரு தொடர்ந்து குடுப்பா?" பதிலுக்கு கேட்டோட உயரத்தையும் பூட்டையும் காட்டினாங்கன்னா, வேற இடம் பாருங்க.