ராபினைக் கொன்ற 72 ஓட்டு

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? கீழ் வீட்டில் மோட்டார் போட்டிருக்கிறார்கள். தொட்டி நிறைகிற வரைக்கும் இந்த உறுமல் இருக்கும். உள்ளே உட்கார்ந்து பேசலாமென்றால் குக்கர் விசில். அதனால் இன்றைக்கும் மொட்டை மாடிதான். எனக்குப் பின்னால் காய்வது எங்கள் வீட்டு வடகம். காக்கா வந்தால் பாதியில் எழுந்து ஓடுவேன், கண்டுகொள்ளாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சித்தி பையன் என்னோடு பெரிய சண்டை போட்டான். சொத்துத் தகராறெல்லாம் இல்லை. டெத் நோட் என்கிற ஜப்பான் காமிக்ஸ் தகராறு. காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான், இதுவரை காமிக்ஸ் பக்கமே வந்ததில்லை. முதல் இரண்டு புத்தகத்தை நான்தான் கையில் திணித்தேன்.

படிக்காதவர்களுக்கு ரெண்டே வரி. லைட் என்று ஒரு பையன், பதினேழு வயசு, ஜப்பானிலேயே நம்பர் ஒன் மாணவன். மரண தேவதை கீழே போட்ட ஒரு நோட்டு அவன் கையில் கிடைக்கிறது. ஒருவருடைய முகத்தை மனதில் வைத்துக்கொண்டு அதில் அவர் பெயரை எழுதினால் ஆள் காலி. முதலில் குற்றவாளிகளாகப் பார்த்து எழுதுகிறான். நம்ம ஆளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அக்கா, இந்த மாதிரி ஒரு நோட்டு இங்கேயும் வேணும். டெய்லி பேப்பரைத் திறந்தா எழுத வேண்டிய பேர் பத்தாவது இருக்கு" என்றான். அப்புறம் டிவியில் தன்னை 'தீயவன்' என்று சொன்ன ஒருவனை லைட் கொல்கிறான். தம்பி அதற்கும் வக்காலத்து: "அவன்தானே சீண்டினான்." பிறகு தன்னைக் கண்காணிக்க வந்த அமெரிக்க எஃப்பிஐ ஆட்கள் 12 பேரைத் தீர்க்கிறான். அவர்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவர்கள். "போலீஸ் வேலைன்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்." இதுவும் என் தம்பியின் தீர்ப்புதான்.

இதெல்லாம் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வரும்போது. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் பார்க்க இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டாவது புத்தகத்தை விழுங்கிக்கொண்டிருந்தவன், மந்தைவெளி தாண்டும்போது பட்டென்று மூடினான். மூடி, மடியில் கவிழ்த்துவைத்துவிட்டான். எட்டிப் பார்த்தேன். நவோமி மிசோரா வருகிற இடம்.

செத்துப்போன அந்த 12 பேரில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவள் அவள். அவளும் முன்னாள் எஃப்பிஐ. தான் கண்டுபிடித்ததைப் போலீஸிடம் சொல்ல வருகிறாள், வழியில் லைட்டிடம் மாட்டுகிறாள். முதலில் பொய்ப் பெயர் சொல்கிறாள். லைட் அதை எழுதிவிட்டு வாட்ச்சைப் பார்க்கிறான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கூடவே நடந்து, அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு அக்கறையாகப் பேசி, உண்மைப் பெயரை வாங்குகிறான். அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து போய்விடுகிறாள். அவ்வளவுதான். ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

"நாய்க்கா இவன்" என்றான் தம்பி. எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பன்னிரண்டு பேர் செத்தப்போ வராத கோபம் இப்போ எங்கேர்ந்துடா வந்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அவங்கள்ல ஒருத்தரைத் தவிர யார் பேரும் எனக்குத் தெரியாதுக்கா."

அன்றிலிருந்து இது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பெயர் தெரிந்தால்தான் லைட்டால் கொல்ல முடியும். பெயர் தெரிந்தால்தான் என் தம்பிக்கு வலிக்கிறது. ரெண்டு பேருக்கும் விதி ஒன்றுதான். இதை அவனிடம் சொன்னேன், அதற்குத்தான் சண்டை. அவனையும் லைட்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேனாம். லைட்டைப் பற்றிய சண்டை லைட்ஹவுஸ் ஸ்டேஷனில் உச்சத்துக்குப் போனது என்பதை வரலாற்றில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று யோசியுங்கள். என் தம்பி இந்த 12 கொலையையும் நவோமியையும் ஒரே ரயில் பயணத்தில் கடந்தான். 2003 முதல் 2006 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் இது தொடராக வந்தபோது படித்தவர்களுக்கு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு முழு வாரம். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்வோம்? நமக்குப் பிடித்தவனுக்காக வாதாடுவோம். "வேற வழியில்ல, அவன் இடத்துல நீ இருந்தா?" என்று நண்பனோடு மல்லுக்கு நிற்போம். அடுத்த இதழ் வரும்போது நாம் ஏற்கெனவே அவன் கட்சிக்காரர். அதற்கப்புறம் அவன் எது செய்தாலும் பின்வாங்குவது நமக்கு மானப்பிரச்சினை.

இது நமக்குப் புதுசா? எங்கள் தாத்தா கம்பன் விழாப் பட்டிமன்றம் ஒன்று விடமாட்டார். ராமன் வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா தவறா. இதற்கு எத்தனை மேடை, எத்தனை நடுவர்! கம்பனில் எனக்குப் பிடித்த இடம், அம்பு பட்டுக் கிடக்கிற வாலி கேள்வி மேல் கேள்வி கேட்கிறானே, அதுதான். மற்றதற்கெல்லாம் ராமனே பதில் சொல்கிறான். "ஏன் மறைந்து நின்றாய்" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது லட்சுமணன். உன் தம்பி முதலில் வந்து சரண் புகுந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் சரண் என்று விழுந்திருப்பாய், அதனால்தான் என்கிறான். தாத்தா இந்த இடத்தில் எப்போதும் மூக்குப்பொடியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். "அண்ணனைப் பேசவிடலை பார்த்தியா" என்பார்.

...ஒரு நிமிஷம். சூ! சூ! போய்விட்டது. ரெண்டு வடகம் போச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டிமன்றத்தில் நாம் எவ்வளவு கத்தினாலும் வாலி பிழைக்கப்போவதில்லை. ஆனால் வாசகர் கையிலேயே அம்பைக் கொடுத்தால்? 1988இல் அது நடந்தது.

பேட்மேனோடு திரியும் ராபின் தெரியுமில்லையா. அப்போது ராபினாக இருந்தவன் ஜேசன் டாட், இரண்டாவது ராபின். பேட்மேனின் காரிலிருந்தே சக்கரத்தைக் கழற்றித் திருடிய தெருப்பையன். கோபக்காரன், சொன்ன பேச்சு கேட்கமாட்டான். நிறையப் பேருக்கு அவனைப் பிடிக்கவில்லை. அந்த வருஷம் பேட்மேன் காமிக்ஸ் 424ஆம் இதழில் ஒரு கதை. ஒரு வெளிநாட்டுத் தூதரின் மகன் ஒரு பெண்ணை நாசம் செய்கிறான். தூதர் குடும்பம் என்பதால் சட்டம் அவனைத் தொட முடியாது. அந்தப் பெண் தூக்கில் தொங்கிவிடுகிறாள். அதைப் பார்த்த ஜேசன் ஆத்திரத்தோடு அவன் வீட்டுக்குப் போகிறான். பேட்மேன் பின்னாலேயே வந்து சேரும்போது அந்த ஆள் பால்கனியிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறான். தள்ளினாயா என்று கேட்டால், என்னைப் பார்த்துப் பயந்து தவறி விழுந்திருப்பான் என்கிறான் ஜேசன். தள்ளியதையும் வரையவில்லை, தவறியதையும் வரையவில்லை. எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். ரெண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்த வெள்ளை இடைவெளியில் அந்தக் கொலையை ஒளித்துவைத்துவிட்டார், அல்லது ஒளித்துவைத்ததாக நம்மை நினைக்கவைத்துவிட்டார். நான் அந்தப் பக்கத்தை மட்டும் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். எனக்கு ஒரு நாள் தள்ளினான் என்று தோன்றும், ஒரு நாள் இல்லை என்று தோன்றும். வேலையில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் கண்டிப்பாகத் தள்ளியிருக்கிறான்.

சில இதழ் கழித்து, 427இல், பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் இந்தப் பையனைக் கடப்பாறையால் அடித்துப்போட்டுவிட்டுக் குண்டு வைத்துவிட்டுப் போகிறான். குண்டு வெடிக்கிறது. இதழ் முடிந்தது. பின்னாடி ரெண்டு போன் நம்பர். ராபின் பிழைக்க வேண்டுமா, இந்த நம்பர். சாக வேண்டுமா, அந்த நம்பர். ஒரு போனுக்கு 50 சென்ட். ஏறக்குறைய ஒன்றரை நாள் லைன் திறந்திருந்தது. கதையை இரண்டு விதமாகவும் தயார் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

பிழைக்கட்டும் என்று 5,271 பேர். சாகட்டும் என்று 5,343. வித்தியாசம் 72. நம்ம ஊர் வார்டு கவுன்சிலர் தேர்தல் மாதிரி.

பேர் என்று சொல்வதும் தப்பு, அது போன் எண்ணிக்கை. அப்போதைய எடிட்டர் டென்னிஸ் ஓ'நீல், ஒரே ஆள் கம்ப்யூட்டரை வைத்து விடாமல் 'சாகட்டும்' நம்பருக்கே டயல் செய்ததாகத் தன் காதுக்கு வந்த பேச்சைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வதந்திதான். ஆனால் கள்ள ஓட்டு என்றதும் நமக்கு உடனே நம்பத் தோன்றுகிறது பாருங்கள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: ஒரு பையனைக் கொல்ல மொத்தமாகச் செலவான தொகை 2,671 டாலர் 50 சென்ட்.

'சாகட்டும்' நம்பரை அடித்தவர்கள் ஏன் அடித்தார்கள்? அவன் ஒருத்தனைத் தள்ளியிருப்பானோ என்ற சந்தேகத்தால் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். அதே வாசகர்கள்தான் எத்தனையோ பேரைக் கொன்ற ஜோக்கர் எப்போது வருவான் என்று காத்துக்கிடப்பவர்கள். ஜோக்கர் அப்படித்தான் என்று நமக்குத் தெரியும், அதனால் அவன்மேல் நமக்குக் கோபமே வருவதில்லை. ஜேசன் நல்லவனாக இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு அடங்க மறுத்தான். அதுதான் உறுத்தியது. அதோடு, சும்மா சொல்லக்கூடாது, நம்பர் அடித்தால் நடந்துவிடுமா என்று பார்க்கிற ஆசை. நானே அந்த வயசில் அங்கே இருந்திருந்தால்? பிழைக்கட்டும் என்றுதான் அடித்திருப்பேன் என்று இப்போது கேமரா முன்னால் சொல்கிறேன். கேமரா இல்லாவிட்டால் தெரியாது.

2005இல் ஜேசனை உயிரோடு கொண்டுவந்தார்கள். வந்தவன் பேட்மேனைக் கேட்பது ஒரே கேள்வி: என்னைக் காப்பாற்றவில்லை, அதை மன்னித்துவிட்டேன், என்னைக் கொன்ற பிறகும் அந்த ஜோக்கர் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான்? கொலை என்ற அந்தக் கோட்டை ஒரு தடவை தாண்டினால் திரும்பி வரமாட்டேன் என்கிறான் பேட்மேன். எனக்கு ரெண்டு பேர் மேலும் பரிதாபம் வந்த பக்கம் அது. ஓட்டுப் போட்ட ஆட்கள் யாராவது முப்பது, நாற்பது வயசில் அதைப் படித்திருப்பார்கள் இல்லையா, அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நம்ம பக்கமும் கதை இருக்கிறது. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடர் என்றால் சிவப்பு நீல உடை போட்டவன் இல்லை. கூர்க்காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி. 1965இல் பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தபோது அவன் ஆசையே குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது. பிற்பாடு சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவனுக்குக் கதை எழுத வந்தார், அவனும் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். எனக்கு இது எதுவும் தெரியாது. எட்டு வயசில் பிளாட்பாரத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்பைடர் புத்தகத்தில் அட்டையும் கிடையாது, கடைசி எட்டுப் பக்கமும் கிடையாது. விற்றவர் "கதை முழுசா இருக்கு சார்" என்று சத்தியம் செய்தார். ஸ்பைடர் நகையை அள்ளிக்கொண்டு நிற்கிறான், போலீஸ் சூழ்ந்துவிட்டது, அவ்வளவுதான். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மீதியை நானே எழுதினேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நாலிலும் தப்பிவிடுகிறான். பிடிபடுவது போல எழுத எனக்குத் தோன்றவே இல்லை. ரப்பர் திருடியதாக என் பென்சில் பாக்ஸ் மேல் பழி விழுந்து அழுதுகொண்டிருந்த அதே வருஷம்.

அப்புறம் அந்தப் பழைய வழக்கு: டெக்ஸ் வில்லரா, கேப்டன் டைகரா. ரெண்டு பேருமே கௌபாய் காமிக்ஸ் ஹீரோக்கள். நந்தனம் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் ஸ்டால் பக்கம் பத்து நிமிஷம் நின்றால் காதில் விழும். டெக்ஸ் தோற்கமாட்டார், தப்பு செய்யமாட்டார், சந்தேகப்பட்டவனை முதலில் குத்திவிட்டு அப்புறம் கேள்வி கேட்பார், குத்து வாங்கியவன் கடைசியில் குற்றவாளியாகவே இருப்பான். டைகர் சீட்டாடுவான், குடிப்பான், மேலதிகாரியை மதிக்கமாட்டான். பிரெஞ்சு மூலத்தில் 1975 வாக்கில் அமெரிக்க ஜனாதிபதி கிராண்டைக் கொல்லப் பார்த்தான் என்ற பழி அவன் தலையில் விழுகிறது. அது முழுசாகத் துடைக்கப்பட 1986 ஆகிவிட்டது. பதினோரு வருஷம்! நான் டைகர் கட்சி. டெக்ஸ் கட்சிக்காரர்கள் என்னைத் திட்டலாம், ஆனால் உங்கள் ஆள் குத்துகிற ஆளெல்லாம் குற்றவாளியாகவே அமைகிற அதிர்ஷ்டம் நிஜ போலீஸ் யாருக்காவது உண்டா, அதை மட்டும் சொல்லுங்கள்.

மோட்டார் நின்றுவிட்டது, பாருங்கள், பேசி முடிக்கும்போதுதான் நிற்கும்.

தம்பி விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். திருவல்லிக்கேணியில் இறங்கி, பாரதி சாலை முழுக்க என்னோடு பேசாமல் நடந்தான். "இந்த அயோக்கியன் கதையை இனி தொடமாட்டேன்" என்று புத்தகத்தை என் பையிலேயே போட்டுவிட்டான். அது ஞாயிறு. புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ்: "அக்கா, மூணாவது புக் இருக்கா? அவன் மாட்றானான்னு மட்டும் பாத்துட்டுத் தரேன்."