டேப் நகரல, ஆனா அம்மா எந்திரிச்சுட்டாங்க

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். உடற்பயிற்சி பண்ணா தசைக்குள்ள என்ன நடக்குதுன்னு பேசச் சொல்லி நிலையத்துல கூப்பிட்டாங்க. நான் பிசியோதெரபிஸ்ட், 18 வருஷமா சென்னையில இதே வேலைதான், ஆனா இன்னைக்கு எங்க அம்மாவோட இடது தொடையைப் பத்திதான் சொல்லப் போறேன், அவங்ககிட்ட கேட்டுட்டுதான் வந்திருக்கேன்.

அம்மாவுக்கு 71 வயசு. பழைய வண்ணாரப்பேட்டையில வீட்டுலயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாங்க. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து முட்டிக்குக் கீழ எலும்பு உடைஞ்சு, பாதத்துல இருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு 6 வாரம். பாத்த ஆஸ்பத்திரியில கட்டு நல்லாதான் போட்டாங்க, ஆனா வீட்டுக்கு அனுப்பும்போது "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா"ன்னு சொன்னதோட சரி, படுத்திருக்கிற நேரத்துல தசைக்கு என்ன ஆகும், மத்த காலை என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை சொல்லல. இது எனக்கு இன்னும் மனசுல இருக்கு, ஏன்னா நிறைய வீட்டுல வயசானவங்க கால் போறது எலும்பு உடைஞ்சதால இல்ல, அதுக்கப்புறம் எடுத்த ரெஸ்டால.

அமெரிக்காவுல ஆரோக்கியமா இருக்கிற வயசானவங்களை வெறும் 10 நாள் படுக்கையில வெச்சுப் பாத்தாங்க, 2007ல வெளிவந்த ஆய்வு அது, நோய் கிடையாது, அடி கிடையாது, சும்மா படுத்திருந்தாங்க அவ்வளவுதான், கால்ல மட்டும் சராசரியா கிட்டத்தட்ட 1 கிலோ சதை கரைஞ்சிருந்துச்சு. 10 நாளைக்கே அப்படின்னா 6 வாரத்துக்கு எப்படி இருக்கும்? கட்டு பிரிச்ச அன்னைக்கு அம்மா முதல்ல பண்ண காரியம், அவங்க தையல் டேப்பை எடுத்து ரெண்டு தொடையையும் அளந்தாங்க. வலதை விட இடது 3 சென்டிமீட்டர் கம்மி. ஒண்ணும் பேசல, அளவு நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சாங்க, கஸ்டமர் அளவு எழுதுற அதே நோட்டு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், கட்டு போட்டிருக்கிற எல்லாருக்கும் உதவும். 1894லயே யேல் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு கைக்கு மட்டும் பயிற்சி குடுத்தா பயிற்சியே குடுக்காத இன்னொரு கைக்கும் பலம் கூடுதுன்னு அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க. மந்திரம் இல்ல, பலம்ங்கிறது தசையில மட்டும் இல்ல, மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்கு, அதுல ஒரு பங்கு ரெண்டு பக்கத்துக்கும் பொது. அதனால இடது கால் கட்டுல இருந்தா வலது காலுக்கு பயிற்சி குடுக்கணும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு. அம்மா விஷயத்துல இதை நான் நாலாவது வாரம்தான் ஆரம்பிச்சேன், முதல் மூணு வாரம் மகனா பயந்துட்டே இருந்தேன், அந்த மூணு வாரம் வீணாப் போனது எனக்கு வருத்தம்தான்.

சரி, கட்டு பிரிச்சாச்சு. ஜிம் கிடையாது மெஷின் கிடையாது, ஒரு மர நாற்காலி, அது மேல மூணு தலையணை. தலையணை இருந்தா உயரம் கூடும், உயரம் கூடினா எந்திரிக்கிறது சுலபம். கை ஊணாம எந்திரிச்சு, மெதுவா உக்காரணும், இவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் மூணு தலையணை மேல இருந்தே கை ஊணாம ஒரு தடவை கூட முடியல. கை ஊணி எட்டு தடவை பண்ணாங்க. ரெண்டாவது நாள் காலையில "தொடையெல்லாம் கடுக்குதுடா, எதையோ கிழிச்சு விட்டுட்டியா"ன்னு கேட்டாங்க.

இந்த வலியைப் பத்தி ஊர் முழுக்க ஒரு தப்பான கதை ஓடிட்டு இருக்கு, லாக்டிக் ஆசிட் தங்கிடுச்சுன்னு. அவங்க சொல்ற லாக்டிக் ஆசிட், அதாவது பயிற்சியில உருவாகுற லாக்டேட், ஒரு மணி நேரம் போல ரத்தத்துல இருந்து இறங்கிடும், அதுவும் கழிவு இல்ல, இதயமே அதை எரிபொருளா எடுத்துக்கும். மறுநாளும் அதுக்கடுத்த நாளும் வர்ற வலி வேற. தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்கும்போது, அதாவது மெதுவா உக்காரும்போது, மாடிப்படி இறங்கும்போது, தசை நாருக்குள்ள ரொம்ப நுண்ணிய அளவுல குலைவு வருது, அதை சரி பண்ற வேலையோட வலிதான் அது. அதே பயிற்சியை ஒரு வாரம் கழிச்சு பண்ணா வலி ரொம்பக் குறைவாத்தான் இருக்கும், தசை அவ்வளவு சீக்கிரம் கத்துக்குது. ஆனா ஒண்ணு, வலி தாங்க முடியாம இருந்து, தசை வீங்கி, சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்துல போனா அது சாதாரண வலி இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். முதல் நாளே ஜிம்ல நூறு ஸ்குவாட் போடுற பசங்களுக்கு இது வருது, தசை உடைஞ்சு கிட்னிக்குப் போகுது, தயவு செஞ்சு முதல் வாரம் கொஞ்சமா பண்ணுங்கப்பா.

மூணாவது வாரத்துக்கு வர்றேன், நான் பேச வந்ததே இந்த மூணாவது வாரத்தைப் பத்திதான். அம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டேப் வெச்சு அளப்பாங்க. மூணாவது ஞாயிறு அளந்துட்டு டேப்பை மேஜையில போட்டுட்டு "ஒரு நூல் கூட ஏறலயேடா, எதுக்கு இதெல்லாம்"னு சொன்னாங்க. ஜனவரியில ஜிம்ல பணம் கட்டுற பசங்க இதே வார்த்தையைத்தான் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிட்டு நின்னுடுறாங்க. நான் அம்மாவைக் கேட்டேன், "இப்ப எத்தனை தலையணை?" ஒண்ணு. "கை ஊணுறியா?" இல்ல. "எத்தனை தடவை?" ஏழு. டேப் நகரல, ஆனா அம்மா எந்திரிச்சுட்டாங்க. எப்படி?

தேர் இழுக்கிறதை நினைச்சுப் பாருங்க. மயிலாப்பூர்ல பங்குனித் தேர் அன்னைக்கு வடத்துல ஆள் ஏகப்பட்ட பேர் நிப்பாங்க, ஆனா பாதி பேர் வடத்தைத் தொட்டுட்டு சும்மா நின்னா தேர் நகராது, எல்லாரும் பிடிச்சு, சத்தம் கேட்ட உடனே இழுத்தாதான் நகரும். தசையும் அப்படித்தான். தண்டுவடத்துல இருந்து வர்ற ஒரு நரம்பு, தசையில ஒரு கூட்டம் நார்களைப் பிடிச்சிருக்கும். கண்ணைத் திருப்புற தசையில ஒரு நரம்புக்கு பத்து நார் அளவுதான், அதனாலதான் கண் அவ்வளவு நுணுக்கமா திரும்புது, கெண்டைக்கால் மாதிரி பெரிய தசையில ஒரு நரம்புக்கு ஆயிரத்துக்கும் மேல. சின்னக் கூட்டம் முதல்ல வேலைக்கு வரும், பாரம் கூடக் கூடதான் பெரிய கூட்டம் வரும். பழக்கம் இல்லாத ஆள் முழு மூச்சா முயற்சி பண்ணும்போது கூட அந்தப் பெரிய கூட்டத்தை சரியா கூப்பிட வராது. முதல் சில வாரப் பயிற்சியில மூளை கத்துக்கிறது இதைத்தான், இன்னும் அதிகம் பேரைக் கூப்பிடு, இன்னும் வேகமா திரும்பத் திரும்ப கூப்பிடு, எதிர்ப்பக்கம் இழுக்கிற தொடைப் பின்தசையைக் கொஞ்சம் விடச் சொல்லு. தசையில புதுசா சதை ஏறல, இருக்கிற ஆளுங்களே வடத்தை ஒழுங்கா பிடிச்சாங்க. டேப்புக்கு இது எப்படித் தெரியும்?

1990ல பாஸ்டன்ல முதியோர் இல்லத்துல ஒரு ஆய்வு நடந்துச்சு, நான் மாணவங்களுக்கு வருஷா வருஷம் சொல்றது. 86ல இருந்து 96 வயசு வரைக்கும் 10 பேர், 8 வாரம் காலுக்கு பாரம் வெச்சு கடுமையான பயிற்சி. கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு, அதாவது முன்னாடி இருந்ததைப் போல ரெண்டே முக்கால் மடங்கு. தொடைத் தசையோட அளவு? 9 சதவீதம்தான் கூடிச்சு. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இதை அம்மாகிட்ட சொன்னேன், "96 வயசுக் கிழவியா"ன்னு கேட்டுட்டு டேப்பை சுருட்டி டப்பாவுல வெச்சாங்க, மறுநாள் காலையில கடைசித் தலையணையை அவங்களே எடுத்துட்டாங்க.

அப்போ சதை எப்ப ஏறும்? பொதுவா ஆறாவது வாரம் எட்டாவது வாரம்னு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஆனா வேலை முதல் நாளே தொடங்கிடுது, ஒரு தடவை பயிற்சி பண்ணா அடுத்த ஒரு நாள் ரெண்டு நாளைக்கு தசை வழக்கத்தை விட அதிகமா புரதம் கட்டும். தசை நார் மேல ஒட்டிக்கிட்டு சின்னச் சின்ன செல்கள் தூங்கிட்டு இருக்கும், 1961ல அலெக்சாண்டர் மவுரோங்கிறவர் தவளைத் தசையில இதைப் பாத்தார். பாரம் விழுந்தா இந்த செல்கள் முழிச்சு, பெருகி, நாரோட கலந்து, தன்னோட உட்கருவை அதுக்குக் குடுத்துடும். அடிபட்ட தசை சரியாகுறதும் இதுங்களாலதான்.

கட்டணும்னா செங்கல் வேணும்ல, அதான் புரதம். இங்கதான் அம்மாகிட்ட எனக்கு சண்டை. காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி ரெண்டு தோசை, இதுல தசை எதை வெச்சுக் கட்டும்? ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், கணக்குப்படி ஒரு கிலோ உடம்பு எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம், அம்மா 58 கிலோ, அப்போ 48 கிராம். வயசானவங்களுக்கு ஒரு கிராமுக்கு மேலேயே வேணும்னு இப்ப நிறைய நிபுணர்கள் சொல்றாங்க. ஒரு முட்டையில 6 கிராம் போல இருக்கும். சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டக்கடலை சுண்டல், ரெண்டு முட்டை, பருப்பு கெட்டியா, தயிர்னு மாத்தினோம், பவுடர் டப்பா எதுவும் வாங்கல. கிட்னி பிரச்னை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம இதை மாத்தாதீங்க.

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவுல காலையில நான் பாக்குறது ஒண்ணு உண்டு. வேகமா பத்து ரவுண்டு நடப்பாங்க, மூச்சு வாங்காது, ஆனா பெஞ்சுல உக்காந்துட்டு எந்திரிக்கும்போது ரெண்டு கையும் ஊணுவாங்க. நடக்குறது வீண்னு சொல்லல. 1967ல ஜான் ஹாலோசிங்கிறவர் எலிகளை ட்ரெட்மில்ல ஓட விட்டு, அதுங்க தசையில சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு கூடுதுன்னு காட்டினார், அந்த மாற்றம்தான் மூச்சு வாங்காம நடக்க விடுது. ஆனா நடையைக் கேட்டா தசை நடையைத்தான் குடுக்கும், எந்திரிக்கிற பலத்தைக் குடுக்காது, அதை தனியா கேக்கணும். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்.

சுகர் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஏன்னா 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல இருக்கு. சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்துல இருந்து எடுத்து வெக்கிற பெரிய கிடங்கே தசைதான். தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் வந்து தட்டாமலே அதோட கதவு திறந்து சர்க்கரையை உள்ள எடுத்துக்கும். சாப்பிட்டு முடிச்சதும் படுக்காம பத்து நிமிஷம் நடங்கன்னு சொல்றது அதுக்குத்தான். தொடை கரைஞ்சா கிடங்கும் சேர்ந்து சின்னதாகுது.

பத்தாவது ஞாயிறு அம்மா நோட்டுல இடது தொடைக்கு 1 சென்டிமீட்டர் கூடுதலா எழுதினாங்க. வலதோட பாத்தா இன்னும் குறைச்சல்தான், அது நிரம்ப மாசக்கணக்கு ஆகும். இப்ப தலையணை இல்லாம, 2 கிலோ அரிசி போட்ட மஞ்சப்பையை நெஞ்சோட கட்டிப்பிடிச்சுக்கிட்டு பத்து பத்து தடவையா மூணு செட் எந்திரிச்சு உக்கார்றாங்க, பாரம் கூட்டிக்கிட்டே போனாதான் தசைக்கு மாறுறதுக்கு ஒரு காரணம் இருக்கும்.

நேத்து சாயங்காலம், இந்த உரையை எழுதிட்டு இருக்கும்போது, உன்னைப் பத்தி நாளைக்கு ரேடியோவுல பேசுறேன்னு ஞாபகப்படுத்த அம்மாவுக்கு போன் பண்ணேன். ரெண்டு தடவை அடிச்சும் எடுக்கல, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க, லேசா மூச்சு வாங்குது. "மழை வர்ற மாதிரி இருந்துச்சுடா, மாடியில துணி எடுக்கப் போயிருந்தேன்"னாங்க.