சாய்வு தெரிந்தால் தூரம் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதை ஈர்ப்பலையைக் கொண்டு அளப்பதைப் பற்றிப் பேசுவோம்.

2017 ஆகஸ்ட் 17, இந்திய நேரம் மாலை 6 மணி 11 நிமிடம். அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரு ஊர்களில் உள்ள லைகோ என்ற ஈர்ப்பலை உணர் கருவிகளில் ஓர் ஈர்ப்பலை, அதாவது காலவெளியில் பரவும் மெல்லிய அதிர்வு, பதிவானது. சுமார் 100 விநாடி நீடித்தது. அதிர்வெண் மெல்ல மெல்ல ஏறி, கடைசி நொடியில் கிறீச்சிட்டு அடங்கியது. ஒன்றையொன்று சுற்றிவந்த இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன்கள் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உட்கருக்கள்) மோதிய கணம் அது.

மோதலுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி முன்பு, லிவிங்ஸ்டன் தரவில் கருவிக்கோளாறால் பெரிய இரைச்சல் ஒன்று வெட்டியது. அதனால் தானியங்கி மென்பொருள் ஹான்ஃபோர்டு பதிவை மட்டுமே எடுத்துக்கொண்டது. அந்த இரைச்சலை நீக்கிய பிறகுதான் திசையைக் குறுக்க முடிந்தது: வானில் சுமார் 28 சதுர பாகை. அந்தப் பரப்பைத் துழாவி, சிலியிலிருந்த ஸ்வோப் தொலைநோக்கி 11 மணி நேரத்துக்குள் என்ஜிசி 4993 என்ற விண்மீன் திரளில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்தது.

இதை வைத்துப் பிரபஞ்ச விரிவை அளப்பது எப்படி? அதிர்வெண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதிலிருந்து அந்த இணையின் நிறை கிடைக்கிறது. நிறை தெரிந்தால் புறப்பட்ட அலை எவ்வளவு வலிமையானது என்பதைப் பொதுச் சார்பியல் சொல்லிவிடும். நம்மிடம் வந்து சேர்ந்த வலிமையோடு ஒப்பிட்டால் தூரம் தெரிந்துவிடும். செஃபீட் என்ற துடிக்கும் விண்மீன்கள், சூப்பர்நோவா என்ற விண்மீன் வெடிப்புகள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் தூர ஏணி இங்கே தேவையில்லை. இயற்பியலாளர் பெர்னார்ட் ஷூட்ஸ் 1986லேயே சொன்ன வழி இது.

கணக்கைப் பாருங்கள். அந்தத் திரள் இருக்கும் கூட்டம் விலகும் வேகம் விநாடிக்கு 3,327 கிலோமீட்டர். அதில் அக்கம்பக்கத்து ஈர்ப்பால் வந்த 310ஐக் கழித்தால் 3,017. தூரம் 43.8 மெகாபார்செக். ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு. வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் 69 வருகிறது: ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதே பிரபஞ்சம் விரியும் வீதம். முழுப் பகுப்பாய்வில் 70. பிழை வரம்போ மேலே 12, கீழே 8.

இவ்வளவு பெரிய பிழைக்கு முதல் காரணம் சாய்வுதான். ஒரு வளையலை நேராகப் பிடித்தால் வட்டம், சாய்த்தால் நீள்வட்டம் இல்லையா? சுற்றுப்பாதை நமக்கு நேர்முகமாக இருந்தால் அலை வலுவாக வரும். சாய்ந்திருந்தால் மெலிந்து வரும். ஆகவே தொலைவிலுள்ள நேர்முக இணையும், அருகிலுள்ள சாய்ந்த இணையும் ஒரே மாதிரி தோன்றும். இரண்டு லைகோ கருவிகளும் ஏறக்குறைய ஒரே நோக்கில் அமைந்தவை என்பதால், அலையின் இரு முனைவாக்கங்களையும், அதாவது அது வெளியை நீட்டிச் சுருக்கும் இரு பாங்குகளையும், பிரித்தறிவது கடினம்; அவற்றின் விகிதம்தான் சாய்வைச் சொல்லும்.

பின்னால் ரேடியோ தொலைநோக்கிகள் கைகொடுத்தன. மோதலில் பீறிட்ட தாரை 75ஆம் நாளுக்கும் 230ஆம் நாளுக்கும் இடையே நகர்ந்ததை அளந்தார்கள். பார்வைக்கு ஒளியைவிட நான்கு மடங்கு வேகம்! தாரை நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் அப்படித் தோன்றும். அதிலிருந்து சாய்வைக் கணித்ததில் விடை 70.3, பிழை சுமார் 5 என்று குறுகியது. ஆனால் இது தாரையின் மாதிரியை நம்பி நிற்கும் எண். அலையிலிருந்தே சாய்வு கிடைப்பதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

பெருவெடிப்பின் எஞ்சிய ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவு தரும் எண் 67.4, செஃபீட், சூப்பர்நோவா வழியில் 73. இந்த இடைவெளியைத் தீர்க்க ஒரு மோதல் போதாது. பிழை, நிகழ்வுகளின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். 15 சதவீதத்தை 2 சதவீதமாக்க ஐம்பது மோதல்களாவது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒளிப்புள்ளி கிடைக்க வேண்டும். 2019 ஏப்ரல் 25 மோதலின்போது ஹான்ஃபோர்டு இயங்கவில்லை; தேட வேண்டிய வானம் 8,000 சதுர பாகைக்கு மேல் விரிந்தது, ஒளி அகப்படவேயில்லை. திரள் தெரியாவிட்டால் அதன் விலகு வேகமும் தெரியாது.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்துக்கு 2023இல் ஒப்புதல் பெற்ற லைகோ-இந்தியாவின் அருமை இங்கேதான். உருண்டைப் பூமியின் வேறொரு பக்கத்தில் வேறு கோணத்தில் நிற்கும் அந்தக் கருவி, திசையையும் குறுக்கும். முனைவாக்கங்களைப் பிரித்துச் சாய்வையும் காட்டும்.