ஆண்களுக்கும் வரும் மார்பகப் புற்றுநோய்

(குன்னூர் அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பரவாயில்லை, சிரியுங்கள். இது பெண்கள் சமாச்சாரம் என்றுதான் இத்தனை காலமும் பேசி வந்திருக்கிறோம். இந்த நோய் வருகிற 100 பேரில் ஆண் ஒருவர் இருந்தாலே அதிகம். அபூர்வம்தான். அதனால்தான் ஆண்கள் முற்றவிட்டு வருகிறார்கள்.

ஆணுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு. வளராமல் நின்றுபோன பால் குழாய்கள்கூட உண்டு. பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அறுபதைத் தொட்டவர்களுக்கே அதிகம். காம்புக்கு அடியில் வலியே இல்லாத கெட்டியான ஒரு கட்டி. வலிக்காததால் யாரும் கண்டுகொள்வதில்லை. அப்புறம் காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும், நீரோ ரத்தமோ கசியும், தோல் புண்ணாகும், அக்குளில் நெறி கட்டும். ஆண் மார்பில் சதை கம்மி என்பதால் கட்டி சீக்கிரமே தோலை எட்டிவிடும்.

நம் மலையில் இன்னொரு சங்கடம். பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்க்கின். டிசம்பர் குளிரில் இரண்டு சொம்பு வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடி வருகிறவர் மார்பை எங்கே தடவிப் பார்க்கப் போகிறார்? பனியனில் காம்பு படுகிற இடத்தில் பொட்டாகக் கறை இருப்பதைத் துவைக்கிற வீட்டம்மாதான் முதலில் பார்ப்பார். "தோளில் மாட்டுகிற மெஷின் பட்டை அழுத்தினது" என்று அவர் வாயை அடைத்துவிடுவோம். பட்டை அழுத்திப் புற்றுநோய் வராது. தைலம், ஒத்தடம் என்று மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

மார்பு வீங்கினாலே புற்று என்று பயப்படவும் வேண்டாம். விடலைப் பையன்களுக்கும், வயதானவர்களுக்கும், சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் மார்பு பெருப்பது சகஜம். அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், தொட்டால் வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் உடனே காட்டுங்கள். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பயாப்ஸி செய்தால் தெரிந்துவிடும்.

ஏன் வருகிறது? ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண்மை ஹார்மோன் கொஞ்சம் சுரக்கும். அதைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். குடித்துக் குடித்துக் கல்லீரல் சுருங்கினால் ஈஸ்ட்ரோஜன் உடம்பிலேயே தங்கிவிடும். (டாஸ்மாக் பக்கம் நான் போகவில்லை, நீங்களும் போகாதீர்கள்.) அதிக உடல் பருமனும் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும். ஆண்களுக்கு வருகிற கட்டிகளில் சுமார் 90 சதவீதம் இந்த ஹார்மோனால் வளர்கிறவை. அதனால்தான் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்த பிறகு, ஹார்மோனைத் தடுக்கிற டமாக்சிஃபென் மாத்திரையைக் குறைந்தது 5 வருடம் சாப்பிடச் சொல்கிறார்கள். அந்த மாத்திரையால் உடம்பு சூடாகும், தாம்பத்திய ஆசை குறையும், சிலருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் உறையும். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுப் பலர் பாதியிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், வாய் திறந்து சொல்லுங்கள்.

பி.ஆர்.சி.ஏ.2 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் கோளாறு இருந்தால் ஆணுக்கும் ஆபத்து கூடும். அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வரும். மகனுக்கும் போகும், மகளுக்கும் போகும். ஆகவே அப்பாவுக்கு இந்த நோய் என்றால் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, கேள்வி இருந்தால் கேட்கலாம். பின்வரிசையிலிருந்து ஆரம்பிப்போம்.