நித்தம் நடையும் நடைப்பழக்கம்

நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பொங்கல் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தத் திடலில் வந்து அமர்ந்திருக்கும் ஊர்மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

‘மனிதன் மகிழ்ச்சியாக வாழ்வதற்குப் பெரிதும் காரணம் பிறவிக் குணமா? பழக்கமா?’ என்பது தலைப்பு. பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஔவையின் தனிப்பாடல் ஒன்றை எடுத்துவைத்தார். நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம் என்று அந்த வெண்பா முடிகிறது. இந்த மூன்றும் உள்ளவன்தான் மகிழ்ச்சியாக இருப்பான். ஆகவே மகிழ்ச்சியும் பிறப்பிலேயே வந்தாக வேண்டும் என்றார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, வெண்பாவைக் கடைசி அடியிலிருந்தா படிப்பது? சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம் என்றல்லவா அது தொடங்குகிறது! கல்வி மனப்பழக்கம் என்கிறது. ‘நித்தம் நடையும் நடைப்பழக்கம்’ என்கிறது. கால் நடப்பது மட்டுமா நடை? ஒருவர் ஒழுகுகிற விதத்தையும் நடை என்றுதானே சொல்கிறோம்? அதற்கு முன்னால் ‘நித்தம்’ என்று ஒரு சொல் நிற்கிறது. என் வழக்கு முழுவதும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. மிச்சமுள்ள மூன்றையும் நான் விட்டுவிடப் போவதில்லை. எங்கள் வீட்டு வாசல் வழியாக அங்கே வருகிறேன்.

அடுத்துப் பேசியவர் நம்மை அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு அழைத்துப் போனார். இரட்டையர்களை வைத்து ஆராய்ந்த உளவியலாளர் டேவிட் லிக்கன், ‘மகிழ்ச்சியைக் கூட்டிக்கொள்ள முயல்வது உயரத்தைக் கூட்டிக்கொள்ள முயல்வதைப் போல வீணாகலாம்’ என்ற கருத்தைத் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1996-இல் எழுதியதைச் சொன்னார். எழுதியது உண்மை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! 1999-இல் லிக்கன் மகிழ்ச்சியைப் பற்றித் தனி நூலே எழுதினார். உயரத்தோடு ஒப்பிட்டது தவறு என்று அதில் அவரே அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறப்புக்கும் பங்கு உண்டு என்பதை அவர் கைவிடவில்லை, நானும் மறுக்கவில்லை. தொட்டிலிலேயே சிரிக்கிற குழந்தையும் உண்டு, சிணுங்குகிற குழந்தையும் உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: காவிரிக் கரையிலேயே நிலம் வாய்த்தாலும், களை எடுக்காதவன் கோரையைத்தான் அறுப்பான்.

இப்போது எங்கள் வாசலுக்கு வாருங்கள். என் மாமியாரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். நான் மருமகளாக வந்து பதினோரு ஆண்டுகள் அவர் சிரித்து நான் பார்த்ததே அரிது. காபியில் சூடு போதாது, பால் வரத் தாமதம், கதவை யார் திறந்துபோட்டது என்று விடியும்போதே ஏதாவது ஒரு குறை எழுந்துவிடும். என் கணவரிடம் கேட்டால், “அம்மா பிறவியிலேயே அப்படித்தான்” என்பார். எதிரணியின் வாதம் எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகள் ஆட்சி செய்தது, நடுவர் அவர்களே! அதன் கொடுமை என்ன தெரியுமா? அத்தையிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. நாளடைவில் அவரும் தம்மிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு மனுஷியின் கணக்கை நாங்கள் முடித்தே வைத்துவிட்டோம்.

அவருக்கு 61 வயதான ஆண்டு. எதிர்வீட்டில் தனியாக இருந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். மார்கழி மாதம். தெருவெங்கும் கோலம், அந்த ஒரு வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அது அத்தையின் கண்ணை உறுத்தியது. இரக்கப்பட்டுப் போனார் என்று சொல்ல மாட்டேன், உறுத்தல் தாங்காமல்தான் போனார். பெருக்கித் தண்ணீர் தெளித்து, சின்னதாக ஒரு சிக்குக் கோலம் போட்டுவிட்டு வந்து, “மாவு மிச்சம் இருந்தது” என்றார். மறுநாளும் மாவு மிச்சமிருந்தது. ஒரு வாரம் போயிருக்கும். ஜன்னல் வழியாக அந்த அம்மா, “அக்கா, நாளைக்கு என்ன கோலம்?” என்று கேட்டார். கேள்வி என்று வந்துவிட்டால் பதில் வைத்திருக்க வேண்டுமே! அன்றிரவு அத்தை என் மகளின் பழைய நோட்டில் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழி முடிந்தது, எதிர்வீட்டுக் கோலம் நிற்கவில்லை. நடுவில் காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனது, மறுநாள் மீண்டும் போனார். மாசியில் ஒரு காலை. கையில் மாவோடு உள்ளே வந்தவர், அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்து, “நீ சாப்பிட்டாயாம்மா?” என்று கேட்டார். பதினோரு ஆண்டுகளில் முதல் முறை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நட்பு, தயை, கொடை. மூன்றும் 61 வயதில், விரலிடுக்கில் வழிந்த அரிசி மாவோடு வந்தன, ஐயா! அந்த வயதில் பிறவியா மாறியது?

இதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடந்து, 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது என்று ஆளுக்கொரு செயலை நாள்தோறும் செய்யச் சொன்னார்கள். தன்னையறியாமல் செய்யும் நிலை வரச் சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்றும் கண்டார்கள். மார்கழிக்கும் மாசிக்கும் இடையே உள்ள நாள்களை எண்ணிப் பாருங்கள்.

‘என் குணத்துக்கு அதெல்லாம் ஒத்துவராது’ என்கிறோமே, அந்த நம்பிக்கையும் பல நேரம் பொய்க்கிறது. சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிப் பாருங்கள் என்றார்கள். அப்படிச் செய்தால் பயணம் எப்படி இருக்கும் என்று வேறு சிலரைக் கேட்டபோது, தனியாக இருப்பதைவிடக் கசக்கும் என்றார்கள். உண்மையில் பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனித்தது. 2014-இல் வெளியான ஆய்வு இது.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு நோயால் படுக்கையை விட்டு எழ முடியாமல் இருப்பவரிடம் போய், பழக்கத்தை மாற்று என்று யாரும் உபதேசிக்காதீர்கள். அவருக்கு மருத்துவர் வேண்டும், உடன் போக ஒரு துணை வேண்டும். நான் பேசுவது, ‘பிறவிக் குணம்’ என்று நாமே முத்திரை குத்தி மூலையில் உட்கார வைத்திருக்கும் அம்மாக்களைப் பற்றி, அப்பாக்களைப் பற்றி.

எதிர்வீட்டு அம்மா சென்ற ஆனியில் மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அத்தை இன்னும் அந்த வாசலில் கோலம் போடுகிறார். நான் அதைச் செல்பேசியில் படம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும்; தாமதமானால் அங்கிருந்து அழைப்பு வந்துவிடும். இன்று காலை போட்டது பொங்கல் பானைக் கோலம். படம் என் பையில் இருக்கிறது, நடுவர் அவர்களே. தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.